குடியை நிறுத்த எங்கே அழைத்துப் போவது?

"நல்ல சென்டரா ஒண்ணு இருந்தா சொல்லுங்க." மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். என் அண்ணன் 11 வருடம் குடித்தவர், இப்போது 6 வருடமாகத் தொடாமல் இருப்பவர் என்பது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கேட்பது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வெளியே விடமாட்டார்களே என்ற மூன்று கேள்வியும் கட்டாயம் வரும்.

நாங்களும் அந்த மூன்று கேள்வியோடுதான் ஆரம்பித்தோம். மாலை போட வைத்தோம். சாப்பாட்டில் மருந்து கலந்தோம். வேன் வரவழைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னோம். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம், கவுன்சலிங் போனோம், குடிநோயாளிகள் கூட்டம் என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டோம். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தோம். அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

எந்த இடம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலையில் கண் விழித்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் பல் துலக்கவே முடிகிறதா? முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வீட்டிலேயே நிறுத்த வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் அடுத்த இடம் மருத்துவமனை. மற்ற எதுவும் அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் இதை அறியாமல் அண்ணனுக்கு மாலை போட வைத்தோம். 48 நாள் விரதம், சாமி பார்த்துக்கொள்வார் என்று நம்பினோம். அவரும் மனசாரத்தான் போட்டுக்கொண்டார். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது, தூக்கம் இல்லை. இரண்டாம் நாள் காலை வாசலில் கோலத்தின் மேலேயே விழுந்தார், பிட்ஸ். மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். இறந்துபோன எங்கள் அப்பாவோடு பேசினார். விரதத்தில் ஏதோ குறை, சாமி குத்தம் என்றார் பெரியம்மா. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஆட்டோவைக் கூப்பிட்டார். அவரால்தான் அண்ணன் இன்று இருக்கிறார்.

பிறகு ஒரு டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. ஆல்கஹால் மூளையின் ஓட்டத்தை அடக்கி வைக்கும். வருடக்கணக்கில் அப்படி அடக்கினால் மூளை அதற்கு ஈடாகத் தன்னை வேகப்படுத்திக்கொண்டே போகும். திடீரென்று குடியை எடுத்துவிட்டால் அடக்கும் கை போய்விடும், வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்த கடும் நிலை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை வரும். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரையே எடுக்கலாம். மருத்துவமனையில் இதற்கு குளோர்டயசிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். அந்த ஊசியைச் சாதாரண சத்து ஊசி என்று நினைக்க வேண்டாம். அது குறைந்தால் நினைவே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குடித்துக் குடித்துச் சாப்பாட்டை விட்டவருக்கு தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் மட்டும் ஏற்றுவதும் ஆபத்து. தெருமுனை கிளினிக்கில் 'ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கம் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் குடிக்கிறார், ஆனால் குடித்தால் வீடு ரணகளம். இப்படிப்பட்டவருக்குப் படுக்கை தேவைப்படாமல் போகலாம். அவருக்கு வழி வேறு, கவுன்சலிங் பகுதியில் சொல்கிறேன். "ஒரு குவார்ட்டர்தானே" என்று மட்டும் சமாதானம் ஆகிவிடாதீர்கள். நம்மூர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லியில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று கணக்கிடுவது 10 கிராமை. அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு.

அரசு மருத்துவமனையா, தனியார் மையமா

பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். அரசு மருத்துவமனை என்றால் கூட்டம், அட்டெண்டராக யாராவது கூடவே இருக்க வேண்டும், மனநல வார்டு என்ற பெயர், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். தனியார் மையம் என்றால் சுற்றுச்சுவர், கேட், காதும் காதும் வைத்த மாதிரி முடியும் வேலை. பணம் கொடுத்தால் பொறுப்பு கை மாறிவிடும் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

எங்கள் அனுபவத்தை அப்படியே சொல்கிறேன். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இரவு 11 மணிக்கு வேன் வந்தது, நாலு பேர் இறங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைக் கையைக் கட்டி ஏற்றினார்கள். அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாதம் போனில் பேச விடவில்லை. டாக்டர் யார் என்று கேட்டதற்கு, "சார் வாரத்துக்கு ஒரு தடவை வருவார்" என்றார்கள். மூன்று மாதம் கழித்துத் தலை மொட்டையாக, பத்து கிலோ இளைத்து வந்தார். வந்த அன்றே மாலை கடைக்குப் போனார். அதற்கப்புறம் ஒரு வருடம் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடியைவிட அந்த இரவுதான் அவருக்குப் பெரிய காயம்.

எல்லாத் தனியார் மையமும் இப்படி என்று சொல்லமாட்டேன். மனநல மருத்துவர் தினமும் பார்க்கிற, நர்ஸ் இருக்கிற, குடும்பத்தை உள்ளே அழைத்துப் பேசுகிற நல்ல மையங்களும் உண்டு. பிரித்துப் பார்ப்பதற்குச் சட்டமே ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் இப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தானாக விரும்பிச் சேர்ந்தவர் போக விரும்பினால் அவரைப் பிடித்து வைக்கக் கூடாது. மதிப்பீடு செய்வதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தலாம், அவ்வளவுதான். அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கும் நிலை இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது டாக்டரும் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள்தான். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் குற்றம். கட்டாய மொட்டை கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சொந்த உடை உடுத்த உரிமை உண்டு, போனில் பேசவும் பார்க்க வருபவரைச் சந்திக்கவும் உரிமை உண்டு.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருவரை விட்டு வருகிறபோது அந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே போனிலேயே கேளுங்கள். பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ஞாயிறன்று வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'முதல் மாதம் முடியாது' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். 'நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம்' என்பதைச் சேவையாகச் சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

அரசு மருத்துவமனைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவும் இருக்கிறது. 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறார்கள். ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மை. ஆனால் மருந்து இலவசம், டாக்டர் 24 மணி நேரமும் இருக்கும் கட்டடம், கல்லீரல் கெட்டிருந்தால் பக்கத்து பிளாக்கிலேயே அதற்கான டாக்டர். குடியை நிறுத்தும் முதல் பத்து நாளுக்கு இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. கூச்சத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அண்ணன் அந்த வார்டில் கிடந்தபோது எதிர்ப் படுக்கையில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கஞ்சி வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள்.

குறை எங்கே என்றால், வார்டு உடம்பைத் தேற்றி அனுப்பிவிடும். ஒரு டாக்டருக்கு ஒரு காலையில் அத்தனை நோயாளி. உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. மாத்திரைச் சீட்டோடு டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அதே கடை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள். இந்தியாவில் இதற்கு முன்னோடி சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடியை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்ப்பது, மனைவியையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது என்ற முறையை இங்கே பரவலாக்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980களின் கடைசியில் எங்கள் பக்கம் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடிக்கே வந்து ஊருக்குள் முகாம் போட்டார்கள். ஆளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகாமல், ஊர்க்காரர்களையும் முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே 15 நாள் சிகிச்சை. முடிந்து வீட்டுக்குப் போனவரை ஊரே கண்காணித்து ஆதரித்தது. இவர்களைத் தவிர, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. 14446 என்ற இலவச எண்ணில் கேட்டால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் குடி, போதைக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். சேருவதற்கு முன் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் கொடுக்கும் மருந்து

பஸ்ஸின் பின்னாலும் சுவரிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், மணமில்லை, சுவையில்லை என்று. அண்ணி நகையை அடகு வைத்து வாங்கினார். சாம்பாரில் கலந்தார். இதை ஒப்பிடவே கூடாது, தள்ளிவிட வேண்டும் என்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடி அது.

அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆல்கஹாலை உடம்பு உடைக்கும் பாதையில் நடுவே அசிட்டால்டிஹைடு என்ற விஷப்பொருள் உண்டாகும். சாதாரணமாக அது உடனே அடுத்த நிலைக்குப் போய்விடும். டைசல்ஃபிரம் அந்தக் கதவை அடைத்துவிடும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிர் போகும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். தெரியாமல் கொடுத்தால் அவர் எச்சரிக்கையில்லாமல் குடிப்பார், நாம்தான் கொன்றவர்கள் ஆவோம். அதே மாத்திரையை டாக்டர் கல்லீரல் பரிசோதனை செய்து, விளக்கிச் சொல்லி, அவர் தெரிந்தே தினமும் காலையில் மனைவி முன்னால் போட்டுக்கொண்டால், சிலருக்கு நல்ல பிடிமானம். சம்மதம் இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் விஷம்.

வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஆசையை மட்டுப்படுத்தும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், கல்லீரல் கெட்டவர்களுக்குச் சில இடங்களில் தரும் பேக்லோஃபென். எது யாருக்கு என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கஞ்சா, மாத்திரை, ஊசி என்று போனவர்களுக்குச் சிகிச்சை வேறு மாதிரி. அங்கே நான் சொல்லும் கணக்கு எல்லாம் பொருந்தாது.

கவுன்சலிங்கா, கூட்டமா

வார்டிலிருந்து வந்த பிறகுதான் உண்மையான தேர்வு வருகிறது. முதல் மூன்று மாதம் வழுக்கும் காலம். இங்கேதான் நாங்கள் முன்பு எதுவுமே செய்யாமல் இருந்தோம். பணத்தை எல்லாம் உள்ளே வைப்பதற்குச் செலவழித்துவிட்டு, வெளியே வந்த பிறகு சாமியை மட்டும் கும்பிட்டோம்.

கவுன்சலிங் என்றால் அறிவுரை என்று நினைத்திருந்தேன். அறிவுரை எங்கள் வீட்டிலேயே மலிவாகக் கிடைத்தது. அண்ணனைப் பார்த்த கவுன்சலர் முதல் நாள் அறிவுரையே சொல்லவில்லை. "குடியால் உங்களுக்கு என்ன நல்லது கிடைக்குது?" என்று கேட்டார். அண்ணன் திகைத்துப் போனார், 11 வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்புறம்தான் வாய் திறந்தார். அண்ணன் எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டில் வயரிங் முடித்தால் வீட்டுக்காரர் கூலியோடு ஒரு குவார்ட்டரும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூலி நாள், சாவு வீடு, தோள் வலி எடுக்கும் சாயங்காலம் என்று எந்தெந்த நேரத்தில் கால் கடைக்குத் திரும்புகிறது என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்தார்கள். "மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன், ஒத்துக்காது, அதுக்குப் பதில் நூறு ரூபாய் கொடுங்க" என்று சொல்லப் பழக வைத்தார். கண்ணாடி முன்னால் நின்று அண்ணன் இதைச் சொல்லிப் பார்த்ததை அண்ணி இப்போதும் சொல்லிக் கண் கலங்குவார்.

பெரிய படிப்பு படித்த கவுன்சலர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் விக்ரம் பட்டேல், அபிஜித் நட்கர்ணி குழுவினர் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. மருத்துவப் படிப்பு இல்லாத, அதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நாலு முறை உட்கார்ந்து பேசினார்கள். 377 ஆண்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள். பேச்சும் சேர்ந்து கிடைத்தவர்களில் 36 சதவீதம். சோதனையில் இருந்தவர்கள் கெடுதலான அளவுக்குக் குடிப்பவர்கள், முற்றிய நிலைக்குப் போனவர்களை அதில் சேர்க்கவில்லை. முன்னால் சொன்னேனே, நடுக்கம் இல்லாமல் வாரத்தில் சில நாள் குடிக்கும் ஆள், அவருக்கு இந்த வழிதான். படுக்கை, சுற்றுச்சுவர் எதுவும் வேண்டாம். நாலு பேச்சு போதும் என்று இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

ஏஏ கூட்டம், அதாவது குடிநோயாளிகளே கூடிப் பேசும் கூட்டம், வேறு மாதிரியான இடம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும் சேர்ந்து தொடங்கியது. இரண்டு பேருமே குடிநோயாளிகள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது, பள்ளிக்கூட அறையிலோ சர்ச் ஹாலிலோ. சர்ச்சில் நடப்பதைப் பார்த்து மதம் மாற்றுவார்களோ என்று எங்கள் பெரியப்பா பயந்தார். அப்படி இல்லை. அவரவர் உணரும் கடவுள் என்றுதான் பேசுவார்கள். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். அண்ணன் முதல் நாள் வீட்டுக்கு வந்து, "அங்க ஒருத்தர் என் கதையையே சொல்றாரு" என்றார். டாக்டரிடம் அவர் பொய் சொல்லியிருக்கிறார், கவுன்சலரிடம் பாதி சொல்லியிருக்கிறார். அங்கே பொய் செல்லாது, எல்லோரும் அதே பொய்யைச் சொல்லி வந்தவர்கள்.

காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,000க்கு மேற்பட்டவர்களை, சேர்த்துப் பார்த்தது. குடியை முழுசாக நிறுத்தித் தொடர்வதில் ஏஏ வழிக்குக் கொண்டுபோகும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ஆனால் கூட்டத்தில் டாக்டர் இல்லை. கை நடுங்கும் ஆளை நேரே கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் மாலை போட்ட கதைதான். ஆழமான மனச்சோர்வு, சந்தேக நோய் கூட இருப்பவருக்குக் கூட்டம் மட்டும் போதாது, மருந்தும் மனநல மருத்துவரும் வேண்டும். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத சுபாவம் உள்ளவருக்குத் தனிக் கவுன்சலிங்தான் எளிது.

என் முடிவைக் கேட்டால் இரண்டும்தான். கவுன்சலிங் வாரம் ஒரு முறை, சில மாதம். கூட்டம் அதற்கு அப்புறமும். நள்ளிரவில் ஆசை எழும்போது கவுன்சலருக்குப் போன் போட முடியாது. கூட்டத்தில் கிடைத்த ஸ்பான்சருக்கு, அதாவது முன்பே குடியை விட்டு நமக்குத் துணை நிற்பவருக்கு, போடலாம். அண்ணனின் ஸ்பான்சர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒரு தீபாவளி இரவு 2 மணிக்கு சைக்கிளில் வந்து விடியும்வரை எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்டணத்துக்கும் இது கிடைக்காது.

அவர் வரவே மாட்டேன் என்றால்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இதில்தான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது. வேன் கூப்பிடும் எண்ணம் இந்தக் கையறு நிலையில்தான் பிறக்கிறது.

இதற்கும் ஒரு நேரடி ஒப்பீடு இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் வில்லியம் மில்லரும் ராபர்ட் மேயர்ஸும் சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, குடும்பமே திரண்டு ஆளை உட்கார வைத்துக் கேட்கும் முறை. ஒரு பகுதிக்கு, குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்று நடக்கும் அல்-அனான் கூட்டத்தின் வழியில் 'அவரைத் திருத்துவது உன் கையில் இல்லை, உன்னைப் பார்த்துக்கொள்' என்ற முறை. மூன்றாவது பகுதிக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவர் குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்த நேரத்தில் விலகிக்கொள்வது, வாந்தியைக் கழுவி லீவு லெட்டர் எழுதி அவரைக் காப்பாற்றாமல் இருப்பது, சரியான தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது, அடி விழும் அபாயம் இருந்தால் முதலில் தன்னைப் பத்திரப்படுத்திக்கொள்வது. திரண்டு கேட்டதில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். அல்-அனான் வழியில் 13. பயிற்சி பெற்றவர்கள் வீட்டில் 64. அல்-அனானின் நோக்கமே ஆளைக் கொண்டுவருவது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டாரின் சொந்த மனபாரம் மூன்று வழியிலும் ஒரே மாதிரி குறைந்தது.

அண்ணி அல்-அனான் வழியையும் அந்தப் பயிற்சி வழியையும் கலந்துதான் செய்தார், பெயர் தெரியாமலே. அண்ணன் குடித்துக்கொண்டிருந்தபோதே அவர் தனியாகக் கவுன்சலரிடம் போக ஆரம்பித்தார். குடிப்பவர் வராமல் மனைவி மட்டும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, போகலாம், போக வேண்டும். தெருவில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்து குளிப்பாட்டுவதை நிறுத்தினார். மூச்சு இருக்கிறதா, ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். குடிக்காமல் வந்த சாயங்காலம் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு இருக்கும். சண்டையும் இல்லை, பழைய பேச்சும் இல்லை. நாலு மாதம் ஆனது. ஒரு நாள் விடியற்காலை, பையன் தன்னைப் பார்த்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனதைக் கண்டு, "என்னை எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போ" என்றார் அண்ணன்.

அந்தக் கதவு சில மணி நேரம்தான் திறந்திருக்கும். 10 மணிக்கு நடுக்கம் ஏறினால் மனது மாறிவிடும். அண்ணிக்கு அது தெரியும். கவுன்சலர் சொல்லி ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு பையை பீரோ மேல் வைத்திருந்தார். ஆதார் நகல், இரண்டு லுங்கி, துண்டு, பழைய மாத்திரைச் சீட்டுகள், எப்போதிலிருந்து எவ்வளவு குடிக்கிறார், முன்பு எப்போது பிட்ஸ் வந்தது என்று எழுதிய ஒரு தாள், 2,000 ரூபாய். மனநலப் பிரிவு ஓபி எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள் என்று முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வழியில் ஏதாவது ஆனால் 108, சந்தேகம் கேட்க 14416 என்று அந்தத் தாளின் அடியில் எழுதியிருந்தார். டெலி மனஸ் என்ற அந்த 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

எனக்குப் போன் வந்தபோது மணி 5.40. நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரும் பையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார்கள்.